கால் நழுவுகிறதா, தோள் பிடிக்கிறதா? தகட்டுக் கவசக் கிட்டின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இங்கிலாந்தில், 15-ஆம் நூற்றாண்டுப் போர்களை நடித்துக்காட்டும் குழு ஒன்றில் இருக்கிறேன். டியூக்ஸ்பெரியில் ஜூலை மாதம் நடக்கும் விழாதான் எங்களுக்குப் பெரிய திருவிழா. 1471-இல் அந்த ஊரில் நடந்த போரை அங்கேயே நடித்துக்காட்டுவோம். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, புதிதாகச் சேர்ந்தவர்கள் பெட்டியும் கையுமாக என் வீட்டு ஷெட்டுக்கு வரத் தொடங்குவார்கள். பெட்டிக்குள் மிலான் பாணியிலோ ஜெர்மன் கோதிக் பாணியிலோ ஒரு முழுக் கவசக் கிட் இருக்கும். நம் டேராடூன் பக்கத்துப் பட்டறைகளில் அடித்த இரும்பும் அதில் அடிக்கடி வரும். வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன், எதுவும் சரியாக உட்காரவில்லை.

பல வருடமாக இதையே பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டது இது. கோளாறு பெரும்பாலும் இரும்பில் இருக்காது. உள்சட்டையில், கவசத்தை அதோடு சேர்த்துக் கட்டும் நாடாவில், தோல் வாரில் இருக்கும். எனவே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் துணி, நாடா, வார், அதற்கு அப்புறம் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி), கடைசியாகத் தகடு என்று பெரும்பாலும் இந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். காசு செலவாவதும் பெரும்பாலும் அதே வரிசையில்தான். சுத்தியலைக் கடைசியில் எடுங்கள்.

## தொடங்கும் முன்

பஞ்சு வைத்துத் தைத்த உள்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எந்தச் சோதனையும் செய்ய வேண்டும். டீ-சர்ட்டின் மேல் மாட்டிப் பார்த்துவிட்டு "தொளதொளவென்று இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லை. கவசம் உடம்பின் மேல் நிற்பதில்லை, அந்தச் சட்டையில் தொங்குகிறது.

கையில் இருக்க வேண்டியவை: பால் பீன் சுத்தியல் (ஒரு முனை உருண்டையாக இருப்பது), இறுக்கிப் பிடிக்கும் வைஸ், அரை வட்ட அரம், 3 மி.மீ., 4 மி.மீ. இரும்பு ரிவெட்டுகள், வாஷர், தோலில் துளை போடும் பஞ்ச், தையல் மிஷின் எண்ணெய், மார்க்கர், காகித ஒட்டுநாடா, கண்ணுக்குக் கண்ணாடி. எதைக் கழற்றினாலும் முதலில் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தகடு மேலே ஏறி நின்றது, எது அடியில் போனது என்பது கழற்றிய பிறகு யாருக்கும் நினைவில் இருக்காது.

## எது இடது, எது வலது என்று தெரியவில்லை

இதைச் சரிபார்க்காமல் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள். "கை மேலே போகவில்லை" என்று வந்த ஒரு தம்பியின் கவசத்தில் இரண்டு தோள் கவசமும் இடம் மாறி இருந்தன. வேறு எந்தக் குறையும் இல்லை.

முழங்கால் கிண்ணத்தின் பக்கத்தில் காது போல விரிந்திருக்கும் தகடு காலின் வெளிப்பக்கம் வரும். கெண்டைக்காலை முழுதாக மூடும் கூட்டில் கீல் வெளிப்பக்கமும் பக்கிள் உள்பக்கமும் வரும். முழங்கைக் கிண்ணத்தின் காது, கை மடங்கும் உள்மடிப்பை மூடுகிற மாதிரி வரும். மிலான் பாணித் தோள் கவசத்தில் இரண்டும் ஒரே அளவில் இருக்காது. இடது பெரியது. வலது, ஈட்டியை அக்குளில் இடுக்கிப் பிடிப்பதற்காக முன்பக்கம் வெட்டி எடுத்தது போல இருக்கும். மார்புத் தகட்டில் ஈட்டி தாங்கிக்கான துளைகளும் வலப்பக்கமே இருக்கும். கிளாஸ்கோவின் கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்தில் 1440 வாக்கில் மிலானில் செய்த ஒரு கவசம் இருக்கிறது. அதன் படத்தை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு அடுக்கினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் ஒட்டுநாடா ஒட்டி "இ", "வ" என்று எழுதிவிடுங்கள்.

## கால் கவசம் கீழே இறங்குகிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான். விழா மைதானத்தில் நடுவழியில் குனிந்து தொடைத் தகட்டை மேலே இழுத்துக்கொண்டு நிற்கிறவர்களை எல்லா வருடமும் பார்க்கிறேன். நானும் முதல் வருடம் அப்படி நின்றவன்தான். பகல் முழுக்க அந்த எடையை முழங்காலில் சுமந்துவிட்டு இரண்டு நாள் படியேற முடியாமல் கிடந்தேன். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சோதனை: உள்சட்டையும் கால் கவசமும் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் இடுப்பு உயரம் வருமளவுக்கு மாற்றி மாற்றி இருபது தடவை தூக்குங்கள். நின்று, எது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

### மொத்தக் காலுமே இறங்கியிருந்தால்

நாடா. கிட்டோடு வரும் நைலான் கயிறு முடிச்சில் நிற்காது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெழுகு பூசிய சணல் நூலையோ லினன் நூலையோ முறுக்கிக் கட்டுங்கள். கால்வீரனாக நின்று சண்டையிடப் போகிறவனுக்கு எப்படிக் கவசம் பூட்ட வேண்டும் என்று சொல்லும் 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப்படி ஒன்று உண்டு. குறுக்குவில்லுக்கு நாண் திரிக்கும் நூலில் நாடா செய்து, செருப்புத் தைப்பவரின் மெழுகைப் பூச வேண்டும், அப்போதுதான் அது நீளவும் நீளாது அறவும் அறாது என்று அதில் இருக்கிறது. நான் செய்து பார்த்தேன். தேன்மெழுகு பூசிய லினன் நூல் இரண்டு விழாக்கள் தாங்கியது.

எதில் கட்டியிருக்கிறீர்கள்? பேன்ட் பெல்ட்டில் கட்டியிருந்தால் அதுதான் காரணம். பெல்ட் இடுப்பெலும்பைத் தாண்டிக் கீழே வழுக்கும், கூடவே காலும் இறங்கும். தொடைத் தகட்டின் மேல்நுனியில் உள்ள தோல் நாக்கின் துளைகளில் நாடாவைக் கோத்து, உள்சட்டையின் கீழ் விளிம்பில் கட்டுங்கள். காலுக்கு ஒரு முடிச்சு போதாது. முன்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, குறைந்தது இரண்டு வேண்டும்.

உள்சட்டையின் இடுப்பு. சட்டையைப் பொத்தான் போட்டபின், இரண்டு கையாலும் அதைக் கீழே இழுங்கள். இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கினால் சட்டை பெரியது. தொப்புள் உயரத்தில், உடம்பு ஒடுங்குகிற இடத்தில், சட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது எடை முழுவதும் இடுப்பெலும்பின் மேல் உட்காரும். தோளில் ஒரு துளிகூட ஏறாது. இதைச் சரிசெய்ய நல்ல தையல்காரர் போதும். பக்கத் தையலைப் பிரித்து இடுப்பை மட்டும் ஒடுக்கச் சொல்லுங்கள். மார்பை ஒடுக்கிவிடக் கூடாது, மூச்சு விட இடம் வேண்டும்.

### முழங்கால் கிண்ணம் மட்டும் கீழே போயிருந்தால்

முழங்காலுக்குப் பின்னால் உள்ள வார் தளர்வாக இருக்கலாம், ஒரு துளை இறுக்குங்கள். கால் மடங்கும்போது பின்னால் நரம்பை அறுக்கிற மாதிரி வலித்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் ஒரு துளை தேவைப்பட்டால் பஞ்ச் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வார் சரியாக இருந்தும் கிண்ணம் இறங்கினால், மேல் நாடாவை இரண்டு விரல்கடை உயர்த்திக் கட்டிப் பாருங்கள். கிண்ணத்தின் பக்க ரிவெட்டுகள்தான் அச்சு. அவை உங்கள் முழங்கால் மடங்கும் கோட்டுக்கு நேராக வர வேண்டும். மார்க்கரால் உங்கள் உள்காலுறையில் அந்தக் கோட்டைக் குறித்து, கவசம் மாட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கிண்ணத்தின் உள்ளே தோல் உரசிப் புண்ணானால் அதே கையெழுத்துப்படியில் மருந்து இருக்கிறது: மெல்லிய கம்பளித் துண்டைக் கிழித்து முழங்காலைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. ஃபோம் வாங்கிச் செருகுவதைவிட இது நன்றாக நிற்கிறது, வேர்வையையும் உறிஞ்சுகிறது.

### கணுக்காலில் வெட்டுகிறது என்றால்

கெண்டைக்கால் கூடு பாதத்தின் மேல் இடித்து நிற்கிறது. தடிமனான தோல் காலணி போட்டுக்கொண்டு திரும்பப் பாருங்கள். ஓட்டப்பந்தயக் காலணியில் சோதித்தால் தவறான விடைதான் கிடைக்கும். இன்னும் வெட்டினால் கூட்டின் உள்பக்கம் மேல்விளிம்பில் கம்பளிப் பட்டை ஒட்டுங்கள். சதையில் பிடிப்பு கிடைத்துக் கூடு ஒரு விரல்கடை மேலே நிற்கும்.

### எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

நாடாவை மேலும் கீழும் நகர்த்தியும் கிண்ணத்தின் அச்சு முழங்காலுக்கு நேராக வரவில்லை என்றால் தொடைத் தகட்டின் நீளமே உங்களுக்குப் பொருந்தவில்லை. கெண்டைக்கால் கூடு மூடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டாலும் அப்படித்தான். முழுக் கவசத்திலும் உடம்போடு ஒட்டி வரவேண்டிய பாகம் கெண்டைக்கால் கூடுதான். கால் அளவுக்கு அதை வளைப்பது கைதேர்ந்த கவசக் கொல்லரின் வேலை. வீட்டில் அடித்து விரிக்கப் போனால் நடு முதுகில் மடிப்பு விழும், அந்த மடிப்பை யாராலும் எடுக்க முடியாது.

## உட்கார்ந்தால் மார்புத் தகடு தொண்டையில் இடிக்கிறது

சோதனை: கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். தகடு எத்தனை விரல் மேலே ஏறுகிறது என்று வேறொருவர் பார்க்கட்டும்.

முதலில் தோள் வார்களைப் பாருங்கள். அவை நீளமாக இருந்தால் தகட்டின் இடை உங்கள் இடைக்குக் கீழே தொங்கும். உட்காரும்போது தொடை அதை மேலே தள்ளும். ஒவ்வொரு துளையாகக் குறைத்து, தகடு ஒடுங்குகிற இடத்தை உடம்பு ஒடுங்குகிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

தீரவில்லையென்றால் இடுப்புக்குக் கீழே பாவாடை போலத் தொங்கும் வளையத் தகடுகளைப் பாருங்கள். நீங்கள் உட்காரும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று சரிந்து அடங்க வேண்டும். கையால் கீழிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். அடங்காமல் ஒரே பலகை போல நின்றால் கோளாறு அங்கே இருக்கிறது, "தகடுகள் இறுகி நிற்கின்றன" என்ற பகுதிக்குப் போங்கள். தொடை மேல் தொங்கும் இரண்டு தகடுகளின் வார் குட்டையாக இருந்தாலும் இதே தொல்லை வரும். அந்த வாரை மட்டும் மாற்றினால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் நாற்காலியில் இடித்தால் தகடு உங்கள் உடம்புக்கு நீளம். கீழ்விளிம்பை வெட்டித் திரும்பச் சுருட்டி முடிக்க வேண்டும், அது கொல்லரின் வேலை. சிலர் கிரைண்டரால் கழுத்து விளிம்பை வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். சுருட்டிய விளிம்புதான் வாளின் நுனி தொண்டைக்குள் வழுக்கிப் போகாமல் தடுக்கிறது. வெட்டிய விளிம்போ உங்கள் கழுத்துக்கே கத்தி.

### இடிக்கவில்லை, ஆனால் தோள் வலிக்கிறது

பூட்டும் வரிசையை மாற்றுங்கள். பலரும் தோள் வாரை முதலில் இறுக்கிவிட்டு இடுப்புக்கு வருகிறார்கள். முதலில் பக்கவாட்டுப் பக்கிளும் இடுப்பு வாரும், கடைசியில் தோள். மிலான் பாணியில் மார்பும் முதுகும் இடப்பக்கம் கீலில் சேர்ந்து, வலப்பக்கம் பக்கிளில் மூடும். எனவே மாட்டிவிடுகிறவர் உங்கள் வலப்பக்கம் நிற்க வேண்டும். தோள் வாருக்கு அடியில் இரண்டு விரல் சிரமமில்லாமல் போனால் எடை இடுப்பில் இருக்கிறது.

## கை மேலே போகவில்லை

ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். உள்சட்டை மட்டும் போட்டுக் கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். அப்புறம் கைக் குழல்கள், அப்புறம் தோள் கவசம், கடைசியாக மார்புத் தகடு. எதைச் சேர்த்தபோது கை நின்றதோ அதுதான் குற்றவாளி.

### உள்சட்டையிலேயே நின்றால்

சட்டையின் அக்குள் வெட்டு தவறு. சாதாரண கோட்டு போல வெட்டிய சட்டையில் கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே வரும், கூடவே கால் கவசமும் இழுபடும். 1364-இல் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த போரில் மாண்ட ஷார்ல் து புலுவா என்ற பிரெஞ்சுப் பிரபுவின் சட்டை என்று வழங்கும் ஒன்று லியோன் நகரத்து நெசவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கை, தோளில் முடியாமல் மார்பும் முதுகும் வரை பெரிய வட்டமாக வெட்டித் தைத்தது. அந்த வெட்டில் தைத்தால் கை தூக்கும்போது இடுப்பு அசையாது. தையல்காரரிடம் அதன் படத்தைக் காட்டினாலே புரிந்துகொள்வார். புதுச்சட்டை தைக்கச் செலவாகும்தான். தலைக்கவசத்தை விட்டால், முழுக் கிட்டில் காசைக் கொட்டத் தகுதியான ஒரே இடம் இது என்பேன்.

### கைக் குழலில் நின்றால்

மேற்கைக் குழல் அக்குள் வரை ஏறிப் போயிருக்கும். சட்டையின் தோளில் கட்டும் நாடாவைத் தளர்த்தி ஒரு விரல் கீழே இறக்குங்கள். முழங்கைக் கிண்ணம் மடங்கும் கோட்டுக்கு நேராக வருகிறதா பாருங்கள். மடக்கும்போது உள்மடிப்பில் சதை கிள்ளினால், அங்கே கம்பளித் துண்டு தைத்துக்கொள்ளலாம்.

### தோள் கவசத்தில் நின்றால்

கழுத்தருகே அதைக் கட்டும் நாடாவோ வாரோ இறுக்கமாக இருக்கும். தோள் கவசம் கொஞ்சம் ஊசலாட வேண்டும், இறுக்கிக் கட்டக் கூடாது. தளர்த்தியும் நிற்குமென்றால் மார்புத் தகட்டின் கைவெட்டில் அதன் விளிம்பு எங்கே முட்டுகிறது என்று மார்க்கரால் குறியுங்கள். கை முன்னே வரும்போது மார்புத் தகடு தோள்மூட்டில் இடித்தால் கைவெட்டைப் பெரிதாக்க வேண்டும், அது கொல்லரின் வேலை. குறித்துக்கொண்டு போனால் அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம்.

## தகடுகள் இறுகி நிற்கின்றன, அல்லது ஒன்றில் ஒன்று சிக்குகின்றன

அழுக்கும் வண்ணமும். கப்பலில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி கிரீஸ் இடுக்கில் உறைந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒவ்வொரு ரிவெட்டிலும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு, ஐம்பது தடவை மடக்கி நீட்டுங்கள். ஓர் இரவு விட்டுத் திரும்பவும் செய்யுங்கள். புதுக் கிட்டில் பாதி இதிலேயே இளகிவிடும்.

பிசிறு. தகட்டின் மறைந்த விளிம்பில் வெட்டுப் பிசிறு இருக்கும். விரலால் தடவாதீர்கள், பழைய காலுறையால் தடவுங்கள். நூல் சிக்கும் இடத்தில் அரம் போட்டு, அப்புறம் உப்புத்தாள் தேயுங்கள்.

இறுகிய ரிவெட். மடங்கும் இடத்து ரிவெட்டை வார் ரிவெட் மாதிரி இறுக அடித்துவிடுவது கிட்டுகளில் சாதாரணமாக வரும் தவறு. தகட்டைத் திருப்பி, ரிவெட்டின் வெளித்தலை ஒரு பெரிய நட்டின் ஓட்டைக்குள் வருமாறு வைத்து, உள்பக்கத்து அடித்த முனையில் பால் பீனால் மெதுவாக ஒன்றிரண்டு தட்டு தட்டுங்கள். தட்டியதும் மடக்கிப் பாருங்கள். ஒரு தட்டு அதிகமானால் தொளதொளத்துவிடும்.

நீள்துளை ரிவெட். சில தகடுகளில் துளை வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும், ரிவெட் அதில் வழுக்கி ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் துளையின் உள்விளிம்பை ஊசி அரத்தால் வழித்துவிடுங்கள். இந்த ரிவெட்டை மாற்ற நேர்ந்தால், அடிக்கும் முன் இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து அடியுங்கள். அடித்தபின் கார்டை இழுத்துவிட்டால் ஓடுவதற்குச் சரியான இடைவெளி கிடைக்கும்.

உள் வார். வரிசையான தகடுகளை உள்ளே தோல் வார்தான் கோத்துப் பிடிக்கிறது. அந்த வார் குட்டையானால் தகடுகள் விரியாது, நீளமானால் இடைவெளி தெரியும். இடைவெளி தெரிந்தால் வாரை மாற்றுங்கள். தகட்டை வளைத்து மறைக்கப் பார்க்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் ஒரு தகடு மட்டும் அடுத்ததின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் அதன் வளைவு தவறு. எந்தத் தகடு என்று குறித்து, அதை மட்டும் கொல்லரிடம் கொடுங்கள்.

## ரிவெட் தெறிக்கிறது, வார் கிழிகிறது

தெறித்த ரிவெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, உள்ளே துளையோடு இருந்தால் அது அலுமினிய பாப் ரிவெட். கவசத்தில் எடை தாங்கும் எந்த இடத்திலும் அது நிற்காது. எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் மெத்தென்ற இரும்பு ரிவெட்டாக மாற்றுங்கள்.

மாற்றும் முறை: உள்பக்கத்து அடித்த முனையை அரத்தால் தகட்டோடு சமமாகத் தேய்த்துவிட்டு, ஆணி தள்ளும் பஞ்ச் வைத்து (தோலுக்கானது அல்ல) தட்டி வெளியே தள்ளுங்கள். வெளியிலிருந்து டிரில் போட்டால் வழுக்கி, பளபளப்பான முகத்தில் கோடு இழுத்துவிடும். புது ரிவெட்டைப் போட்டு, 4 மி.மீ. ரிவெட் என்றால் ஏறக்குறைய 4 மி.மீ. வெளியே நிற்குமாறு வெட்டுங்கள். அதைவிட நீளம் விட்டால் மடங்கிப் படுத்துவிடும், குட்டையானால் தலை கட்டாது. சின்னச் சின்னத் தட்டாக, சுற்றி வட்டமாகத் தட்டுங்கள். தோலுக்கும் அடித்த முனைக்கும் நடுவே வாஷர் கட்டாயம்.

### ரிவெட் நிற்கிறது, தோல்தான் கிழிகிறது

வாஷர் இல்லாததே முதல் காரணம். இரண்டாவது, துளை வாரின் நுனிக்கு மிக அருகில் இருப்பது. நுனியிலிருந்து குறைந்தது 1 செ.மீ. உள்ளே போடுங்கள். மூன்றாவது, தோலே தவறானது. வாரின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் நிறம் இருந்தால் குரோம் போட்டுப் பதனிட்டது. அது நீண்டுகொண்டே போகும், வாரம் ஒரு துளை போட வேண்டிவரும். உள்வரைக்கும் பழுப்பாக இருந்தால் மரப்பட்டை போட்டுப் பதனிட்டது. நம் ஊரில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடுகிறார்களே, அந்த வகைத் தோல்தான் வேண்டும், 3 மி.மீ. தடிமனில். இரும்பு ரிவெட்டைச் சுற்றி இந்தத் தோல் கறுக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ரிவெட் துளையிலிருந்து தகட்டில் முடி போலக் கீறல் ஓடியிருந்தால் அங்கே புது ரிவெட் அடிக்காதீர்கள். அதை வெல்டிங் வைத்துத் தேய்த்துத் தர ஆள் வேண்டும்.

## தலைக்கவசம் ஆடுகிறது, கண் மறைக்கிறது

இந்தப் பகுதியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முன்னும் பின்னும் ஆடினால்: தாடை வார். பூட்டியபின் வாயைத் திறந்தால் வார் தாடையை அழுத்துவது தெரிய வேண்டும்.

கீழே இறங்கிக் கண் மறைத்தால்: உள் மெத்தை. நல்ல மெத்தையில் உச்சியில் பல இதழ்கள் இருந்து, ஒரு கயிற்றால் சுருக்கிக் கட்டியிருக்கும். அந்தக் கயிற்றை இறுக்கினால் கவசம் உயரும், தளர்த்தினால் தாழும். பார்வைப் பிளவு கண்ணுக்கு நேராக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உச்சி எந்த நிலையிலும் தலையைத் தொடக் கூடாது. கிட்டோடு வரும் மெத்தை வெறும் துணிப் பட்டையாக இருந்தால் அதை நம்ப வேண்டாம், புதிதாகப் பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தகடு தானே விழுந்தால்: பக்கவாட்டு அச்சு ரிவெட் தளர்ந்திருக்கும். உள்ளே தட்டி இறுக்கலாம். ஸ்பிரிங் பூட்டு உள்ளவற்றில் ஸ்பிரிங் வளைந்திருக்கும். அதை வீட்டில் வளைத்தால் முறியும், கொல்லரிடமே கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதை அணிந்து யாரிடமாவது அடி வாங்கப் போகிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்கு விற்கும் தலைக்கவசத்தில் தகடு 1 மி.மீ. அளவில்தான் இருக்கும். உச்சியில் வெல்டிங் வெறும் புள்ளிப் புள்ளியாக ஒட்டியிருக்கும். உள்ளே விளக்கடித்து, வெல்டிங் முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். சண்டைக்கு 2 மி.மீ. தகடு வேண்டும். அது இல்லையென்றால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், வேறு வாங்குங்கள். உங்கள் குழுவில் பாதுகாப்பைப் பார்ப்பவர் கையில் கொடுத்து அவர் சரி சொன்னபிறகே களத்துக்குக் கொண்டுபோங்கள்.

## கையுறையின் விரல் மடங்கவில்லை

உள்ளே இருக்கும் தோல் கையுறை சிறியது, அல்லது காய்ந்து விறைத்தது. தோலுக்கான எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, ஒரு மரக்கட்டையைப் பிடித்து மடக்கிப் பழகுங்கள். விரல் செதில்கள் ஒட்டியிருக்கும் தோல் பட்டை விரலைவிட நீளமாக இருந்தால் நுனியில் துருத்தும். நுனிச் செதிலைக் கழற்றி, பட்டையைக் குறைத்துத் திரும்ப அடித்தால் போதும்.

## மூச்சு முட்டுகிறது

பக்க வார்களை ஒரு துளை தளர்த்துங்கள். அணியும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டு பூட்டியிருப்பீர்கள். நிறைய மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி பூட்ட வேண்டும்.

தளர்த்தியும் முட்டுகிறதென்றால் அதில் ஒரு பங்கு கவசத்தின் இயல்பு. 2011-இல் வெளிவந்த லீட்ஸ் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வில், முழுக் கவசம் அணிந்தவர்களை ஓடுபட்டையில் நடக்கவிட்டு அளந்தபோது, கவசம் இல்லாமல் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவானது. காலில் கட்டிய எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருப்பதும், மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு மேலோட்டமாக ஓடுவதும் காரணம் என்று கண்டார்கள். எனவே முதல் மாதம் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஜூலை வெயிலில் தலைசுற்றல், வேர்வை நின்றுபோவது, பேச்சுக் குழறல் ஏதாவது வந்தால் பக்கிளை அவிழ்த்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் நாடாவையும் வாரையும் கத்தியால் அறுத்துக் கழற்றட்டும், உடனே மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். வார் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

## துரு

விரல் தடம் போன்ற செம்புள்ளிகள்: வெறுங்கையால் தொட்டது. எண்ணெய் தொட்ட மெல்லிய நைலான் தேய்ப்பானால், ஏற்கெனவே பளபளப்பு ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கோடு விழும்.

வாருக்கு அடியில், ரிவெட்டைச் சுற்றி: ஈரத்தோடு பெட்டியில் வைத்தது. வேர்வை குடித்த உள்சட்டையைக் கவசத்தோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. விழா முடிந்த இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் துடைத்து, எண்ணெய் தடவி, திறந்தே வைத்துவிட்டுத் தூங்குங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இந்த ஊர்க் குளிரில் உறைந்து வெண்படலமாக நிற்கிறது. மிஷின் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் அணியப்போவதில்லை என்றால் நுண்படிக மெழுகு பூசுங்கள், அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவதும் அந்த வகை மெழுகுதான்.

சங்கிலிச் சட்டையில்: பழைய காலத்தில் மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியில் காய்ந்த மணலும் சட்டையும் போட்டு, மூடி, தோட்டத்தில் பத்து நிமிடம் உருட்டினால் இன்றும் அது வேலை செய்கிறது. பிறகு மணலை உதறி, எண்ணெய்த் துணியால் அமுக்கி எடுங்கள். உருட்டும்போது வளையங்கள் கழன்று விழுந்தால் அவை ரிவெட் போடாமல் வெறுமனே வளைத்து மூடியவை. விழுந்த இடத்தைக் குறடால் மூடலாம். ஆனால் சண்டைக்கு அந்தச் சட்டை ஆகாது.

குழி விழுந்த துரு: ஊசியால் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினால், குறிப்பாகத் தலைக்கவசத்தில், அதை மாட்டாமல் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கொல்லரிடம் காட்டுங்கள். எவ்வளவு தகடு மிச்சமிருக்கிறது என்று அவர் அளந்து சொல்லட்டும்.